விளையாட்டுப் பெட்டிக்காக விரோதம் எதற்கு?

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்றாலே ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ‘ஹேலோ’. 2001-ல் எக்ஸ்பாக்ஸ் பிறந்த நாளிலேயே கூடப் பிறந்த கேம் அது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக சோனியின் பிளேஸ்டேஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஹேலோ 2026-ல் பிளேஸ்டேஷனுக்கும் வருகிறது என்று 2025 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸ் ரசிகர்களில் ஒரு பகுதியினர் துரோகம் என்று கொதித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சிலர் வெற்றி என்று கொண்டாடினார்கள். ஒரு நல்ல கேம் இன்னும் பல கோடிப் பேர் கைக்குப் போகிறது. இதில் தோற்றவர் யார், ஜெயித்தவர் யார்?

சின்னப் பிள்ளைகள் விஷயம் என்று இதை ஒதுக்க முடியாது. நம் ஊரில் ஒரு பிளேஸ்டேஷன் 5 இன்று 50,000 ரூபாயைத் தாண்டி விற்கிறது. புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று ஏறக்குறைய 5,000 ரூபாய். பல வீடுகளில் தவணை கட்டி வாங்கும் பொருள் இது. இப்படிப்பட்ட பொருளின் மீது பக்தி வந்துவிட்டால், விலையையும் தரத்தையும் கேட்க வேண்டிய வாய் அடைத்துப்போகிறது. எனக்குக் கவலை அதுதான்.

ஒரே கூடம், இரண்டு கட்சி

சென்ற கோடை விடுமுறையில் அக்கா மகனும் தங்கை மகனும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியவன் பத்தாம் வகுப்பு முடித்தவன். அவனிடம் பிளேஸ்டேஷன் 5. சின்னவன் எட்டாவது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் வைத்திருக்கிறான். பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, ஊரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே ஏந்திக்கொண்டு வந்திருந்தான்.

டிவியில் மாட்டுவதற்குள் பெரியவன் ஆரம்பித்துவிட்டான். “மாமா, இவன்கிட்ட கேளுங்க, இவன் பெட்டியில ஸ்பைடர்மேன் ஓடுமான்னு.”

சின்னவனும் விடவில்லை. “உனக்கு ஒவ்வொரு கேமுக்கும் அஞ்சாயிரம் அழணும். எனக்கு மாசச் சந்தாவுலயே நூறு கேம் வருது.”

“அதான் பாதி விலைப் பெட்டின்னு சொல்றேன்.”

சின்னவன் வயரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டான். அவனுடைய அப்பா கடையில் இரண்டு பெட்டியின் விலையையும் கேட்டு, தவணை தாங்கக்கூடியது எதுவோ அதை வாங்கிக் கொடுத்தவர். அண்ணன் சொன்னது பெட்டியைப் பற்றி இல்லை, அப்பாவின் சம்பளத்தைப் பற்றி என்று 13 வயதுப் பையனுக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரை அந்தப் பெட்டி பையை விட்டு வெளியே வரவில்லை.

இத்தனைக்கும் அந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் மூளையாக இருக்கும் சிப்பை வடிவமைத்தது ஏஎம்டி என்கிற ஒரே அமெரிக்க நிறுவனம். அந்தச் சிப்புகளைத் தயாரித்துக் கொடுத்ததும் தைவானின் டிஎஸ்எம்சி என்கிற ஒரே நிறுவனம்தான். மேலே போர்த்திய பிளாஸ்டிக்கும் அதில் பொறித்த பெயரும் சேர்ந்து ஒரு வீட்டுப் பிள்ளைகள் இருவரை எதிரெதிரே நிறுத்திவிடுகின்றன.

பெட்டியில் லாபம் இல்லை, ஆளில்தான் லாபம்

இந்தத் தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை புரிந்துவிடும். ஆப்பிள் மீது எபிக் கேம்ஸ் என்ற கேம் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021 மே மாதம் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர், எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று நிறுவனம் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று சொன்னார். கையைச் சுட்டுக்கொண்டாவது பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். அறுவடை அதற்குப் பிறகு.

அந்தப் பெட்டியின் ஆன்லைன் கடையில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சுமார் 30 விழுக்காடு பெட்டிக்காரருக்குப் போகிறது. விலை கொடுத்து வாங்கிய பெரும்பாலான கேம்களில் நண்பர்களோடு ஆன்லைனில் சேர்ந்து ஆட வேண்டுமானால் அதற்குச் சந்தா தனி. ஒரு தலைமுறைப் பெட்டி ஆறேழு ஆண்டு ஓடும். அத்தனை ஆண்டும் அந்த ஆள் வேறு கடைக்குப் போகாமல் இருக்க வேண்டும். அதற்கு விளம்பரத்தைவிடச் சிக்கனமான வழி, அவரை ரசிகராக்கிவிடுவது.

எம்ஜிஆர்–சிவாஜி காலத்திலிருந்து ரசிகர் மோதல்களைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ரஜினி ரசிகர் அதே தியேட்டரில், அதே விலை டிக்கெட்டில், கமல் படமும் பார்த்துவிட்டு வரலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். கன்சோல் எனப்படும் இந்தப் பெட்டி அப்படியில்லை. ஒரே நடிகரின் படம் மட்டும் ஓடும் தியேட்டருக்கு நுழைவுக் கட்டணமாக 50,000 ரூபாய் கட்டிவிட்டு உள்ளே போவது போன்றது. கட்டிய பிறகு, உள்ளே ஓடுவதுதான் உலகிலேயே சிறந்த படம் என்று நம்பினால்தான் மனசுக்கு நிம்மதி.

இந்த நிம்மதி தேடும் குணத்தை அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரெம் 1956-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். வீட்டு உபயோகப் பொருள்களுக்குப் பெண்களை மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுபடி மதிப்பெண் கேட்டார். எடுத்துக்கொண்ட பொருளுக்கு மதிப்பு ஏறியிருந்தது, விட்டுவந்ததற்கு இறங்கியிருந்தது. பொருள் மாறவில்லை. வாங்கிவிட்டோம் என்பது மட்டும்தான் மாறியிருந்தது.

டிஜிட்டல் கடை வந்த பிறகு கட்டு இன்னும் இறுகிவிட்டது. முன்பு பெட்டியை மாற்றினால் பழைய டிஸ்க்குகளை விற்றுக் காசாக்கலாம். இன்று கணக்கில் வாங்கிச் சேர்த்த நூறு கேமும் அந்தக் கணக்கோடு அங்கேயே கிடக்கும். 2013-ல் தொடங்கிய தலைமுறையில்தான் மக்கள் டிஜிட்டல் நூலகத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள், அந்தச் சுற்றில் தோற்றதுதான் எங்களுக்கு மிக மோசமான தோல்வி என்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்தபோது ஃபில் ஸ்பென்சர் 2023-ல் ஒரு பேட்டியில் ஒப்புக்கொண்டார். வாடிக்கையாளரால் வெளியேற முடியவில்லை என்பதைப் போட்டி நிறுவனத்தின் தலைவரே சொல்லிவிட்ட பிறகு வேறு சாட்சி எதற்கு?

முள்ளெலி கட்சி மாறிய கதை

இந்தச் சண்டையைத் திட்டமிட்டு வளர்த்தவர்கள் உண்டு. 1980-களின் பின்பாதியில் அமெரிக்க வீடுகளில் டிவியோடு மாட்டும் கேம் என்றால் நிண்டெண்டோதான். 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய பழைய நிறுவனம் அது. அதை எதிர்த்து 1989-ல் அமெரிக்காவில் இறங்கியது இன்னொரு ஜப்பானிய நிறுவனமான சேகா. தொலைக்காட்சி விளம்பரத்தில் நிண்டெண்டோவைப் பெயர் சொல்லியே வம்புக்கு இழுத்தது.

முன்பு பொம்மை நிறுவனமான மாட்டலில் இருந்தவரும், பிறகு சேகாவின் அமெரிக்கப் பிரிவுக்குத் தலைமையேற்றவருமான டாம் காலின்ஸ்கி விலையைக் குறைத்தார். 1991-ல் வந்த சோனிக் என்ற நீல முள்ளெலியைப் பெட்டியோடு சேர்த்தே கொடுத்தார். நிண்டெண்டோவின் மரியோ குழந்தைகளுக்கு, சோனிக் பெரிய பசங்களுக்கு என்று பள்ளிக்கூட மைதானம் வரை பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்த்தது சேகா. 1993-ல் ‘மார்டல் காம்பாட்’ என்ற அடிதடி கேம் இரண்டு பெட்டிகளுக்கும் வந்தது. நிண்டெண்டோ அதிலிருந்த ரத்தத்தை வியர்வையாக மாற்றியது. சேகாவில் ஒரு ரகசியக் குறியீட்டை அழுத்தினால் ரத்தம் தெறித்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க செனட் விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, இரு நிறுவன அதிகாரிகளும் செனட்டர்கள் முன்னிலையிலேயே ஒருவரையொருவர் குற்றம்சாட்டினார்கள். கேம்களுக்கு வயது முத்திரை தரும் அமைப்பு மறு ஆண்டு உருவானதற்கு அந்த விசாரணைதான் காரணம்.

பிறகு என்ன ஆயிற்று? 2001 ஜனவரி கடைசி நாளில், தன் டிரீம்காஸ்ட் பெட்டியின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. கன்சோல் தொழிலிலிருந்தே விலகியது. அதே ஆண்டு டிசம்பரில் சோனிக், நிண்டெண்டோவின் கருவிகளில் ஓடிக்கொண்டிருந்தது. 2007-ல் மரியோவும் சோனிக்கும் ஒரே ஒலிம்பிக் கேமில் சேர்ந்து ஓடினார்கள். பத்து வயதில் சோனிக்குக்காக நண்பனிடம் பேச்சை நிறுத்திய பையனுக்கு அப்போது 26 வயது ஆகியிருக்கும்.

டிரீம்காஸ்டின் முடிவை அமெரிக்காவில் அறிவித்தவர் பீட்டர் மூர். இரண்டு ஆண்டு கழித்து மைக்ரோசாஃப்டில் சேர்ந்தார். 2004-ல் மேடையேறி, ‘ஹேலோ 2’ வெளியாகும் தேதியைத் தன் கையில் பச்சை குத்தியிருப்பதாகச் சட்டைக் கையை மடித்துக் காட்டினார். ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். 2007-ல் இஏ என்ற கேம் நிறுவனத்துக்குப் போனார். 2017-ல் லிவர்பூல் கால்பந்துக் கழகத்தின் தலைமை நிர்வாகி ஆனார். அவரைக் குறை சொல்லவில்லை. வேலை செய்பவர் நல்ல வேலைக்கு மாறுவது இயல்பு. அவருக்குக் கிடைத்த அந்தச் சுதந்திரத்தை ரசிகர் ஏன் தனக்குத்தானே மறுத்துக்கொள்ள வேண்டும்?

நிறுவனங்களுக்குள் எந்த விரோதமும் கிடையாது. மைக்ரோசாஃப்ட் 2014-ல் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கிய மொஜாங்கின் ‘மைன்கிராஃப்ட்’ பிளேஸ்டேஷனிலும் நிண்டெண்டோவிலும் தொடர்ந்து விற்கிறது. சோனியின் சொந்த ஸ்டுடியோ தயாரித்த பேஸ்பால் கேம் 2021-ல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. கிளவுட் கேமிங்கில் சேர்ந்து வேலை செய்ய 2019 மே மாதமே சோனியும் மைக்ரோசாஃப்டும் ஒப்பந்தம் போட்டுவிட்டன.

அவனுக்குக் கிடைக்காமல் இருந்தால் போதும்

ஹென்றி டஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. ஓவியங்களைக் காட்டி, நீ இந்த ஓவியரின் ரசிகன், நீ அந்த ஓவியரின் ரசிகன் என்று பிரித்தார். உண்மையில் ஏனோதானோவென்று பிரித்ததுதான். பிறகு இரு அணிகளுக்கும் காசாக மாற்றக்கூடிய புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார். தன் அணிக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வழி இருந்தும் பல பையன்கள் அதை எடுக்கவில்லை. தன் அணிக்குக் குறைந்தாலும், எதிரணிக்கு இன்னும் குறையும் வழியை எடுத்தார்கள்.

கன்சோல் உலகத்தை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கேம் தயாரிப்பாளரான பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கி, 2023-ல் வந்த ‘ஸ்டார்ஃபீல்ட்’ கேமை அப்போது பிளேஸ்டேஷனுக்குத் தரவில்லை. எக்ஸ்பாக்ஸ் ரசிகர்கள் பலர் மகிழ்ந்தார்கள். அந்த விற்பனை நடக்காமலிருந்தாலும் அது எக்ஸ்பாக்ஸுக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆக, அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. அடுத்தவனுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பிளேஸ்டேஷன் தரப்பும் தன் முறை வரும்போது இதையேதான் செய்கிறது.

வெறி சில நேரம் கல்லெறியாகவும் மாறும். நிண்டெண்டோவின் ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமை 2017-ல் உலகமே கொண்டாடியபோது, ஒரு விமர்சகர் 10-க்கு 7 மதிப்பெண் கொடுத்தார். அவருடைய இணையதளத்தையே முடக்கிவிட்டார்கள். ஏழு மதிப்பெண் என்பது நல்ல கேம் என்றுதான் பொருள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே விலை ஏறிக்கொண்டே போகிறது. கன்சோல் வந்து சில ஆண்டில் விலை இறங்குவதுதான் வழக்கமாக இருந்தது. 2020-ல் அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், 2025 அக்டோபரில் 649 டாலர். அதே 499 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் 549 டாலர். நம் நாட்டில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, பிறகு 54,990 ஆனது. ஐந்து வயதான பெட்டிக்கு ஏன் கூடுதல் விலை என்று இரு தரப்பும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் எவ்வளவு ஏற்றியது என்று கணக்குப் பார்ப்பதிலேயே பேச்சு முடிந்துபோனது.

சேர்ந்து கேட்டபோது கிடைத்தது

போட்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. போட்டிதான் வாடிக்கையாளரின் காவல். 2013-ல் எக்ஸ்பாக்ஸ் ஒன் அறிமுகமானபோது, தினமும் ஒரு முறை இணையத்தில் இணைய வேண்டும், டிஸ்க்கை இரவல் கொடுக்கவும் விற்கவும் கட்டுப்பாடு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. சோனி அப்படி எதுவும் இல்லை என்றது. விலையும் 100 டாலர் குறைவு. எக்ஸ்பாக்ஸை நேசித்தவர்களே கோபத்தோடு கேள்வி கேட்டார்கள், வேறு பெட்டி வாங்குவோம் என்றார்கள். சில வாரங்களில் மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார் என்ற பயம் இருக்கும்வரைதான் போட்டி வேலை செய்யும். எது செய்தாலும் கூடவே இருப்பேன் என்கிற ரசிகரைப் பார்த்து எந்த நிறுவனம் பயப்படும்?

2018-ல் ‘ஃபோர்ட்நைட்’ ஆடுபவர்கள், பிளேஸ்டேஷனில் பயன்படுத்திய கணக்கு நிண்டெண்டோ ஸ்விட்சில் திறக்கவில்லை என்று கண்டுபிடித்துக் கொதித்தார்கள். அந்த செப்டம்பரில் சோனி கதவைத் திறந்தது. 2021-ல் பிளேஸ்டேஷன் 3-இன் ஆன்லைன் கடையை மூடப்போவதாகச் சொன்ன சோனி, எதிர்ப்புக் கிளம்பிய சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டது. 2024 மே மாதம் ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமைக் கணினியில் ஆடுபவர்களும் சோனி கணக்கு தொடங்கியே ஆக வேண்டும் என்ற உத்தரவு மூன்றே நாளில் கைவிடப்பட்டது. பாதிக்கப்படாத பிளேஸ்டேஷன்காரர்கள் பலரும் அப்போது கணினிக்காரர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

இப்போது ஐரோப்பாவில் நடப்பது இன்னும் பெரிது. யுபிசாஃப்டின் ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வர் 2024 மார்ச் மாதம் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட ஆட முடியவில்லை. விற்ற கேமை இப்படிக் கொல்லக் கூடாது என்று தொடங்கிய ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எந்தப் பெட்டி வைத்திருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

என்ன செய்யலாம்?

முதலில் அரசு. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளருக்குக் கிடைப்பது திரும்பப் பறிக்கக்கூடிய உரிமம் மட்டும்தான் என்றால், அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பொத்தான் வைக்கக் கூடாது. நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணைய வணிகத்தின் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. சந்தா வலையும் அதில் உண்டு. டிஜிட்டல் கேம் விற்பனையில் இந்த ‘வாங்கு’ பொத்தானையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோருவது பொருத்தம். சர்வரை மூடுவதற்கு எத்தனை மாதம் முன்பு அறிவிக்க வேண்டும், தனியாக ஆட வழி விட்டுப்போக வேண்டுமா என்பதையும் விதியாக்கலாம். சந்தாவை ரத்து செய்ய முடியவில்லை, கேம் காணாமல் போனது என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். புகார் எண்ணிக்கை ஏறினால்தான் ஆணையத்தின் கண்ணில் படும்.

வாங்கும் குடும்பங்களுக்கு: கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் ஐந்து ஆண்டுக் கணக்கு எழுதுங்கள். பெட்டியின் விலை, ஆண்டுச் சந்தா ஐந்து முறை, ஆண்டுக்கு எத்தனை கேம் வாங்குவீர்களோ அதன் விலை. பெட்டி விலையில் 15,000 மிச்சம் என்று தோன்றியது இந்தக் கணக்கில் தலைகீழாக மாறலாம். கூடிய வரை டிஸ்க் போடும் வசதியுள்ள பெட்டியை வாங்குங்கள். டிஸ்க்கை இரவல் வாங்கலாம், பாதி விலைக்கு விற்கலாம், பழையது வாங்கலாம். டிஜிட்டலில் மூன்றுமே கிடையாது. வெளிநாட்டிலிருந்து இறக்கிய பெட்டி என்றால் வாரன்டி யார் தருகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை. அது கட்சி சேர்வது ஆகாது. ஆனால் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ‘ஏழைப் பெட்டி’ என்பது மாதிரியான பேச்சு வந்தால், குழுவை நடத்தும் ஆசிரியரோ பெற்றோரோ அன்றைக்கே நிறுத்த வேண்டும். அது கேலி பேசப்பட்ட பிள்ளையின் வீட்டு வருமானத்தைப் பற்றிய பேச்சு.

ஒரே வீட்டில் இரண்டு வகைப் பெட்டி வந்துவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றில் இருப்பவரோடு சேர்ந்து ஆடக்கூடிய கிராஸ்பிளே கேம்களைத் தேடுங்கள். ‘ராக்கெட் லீக்’ இலவசம். கார்களை வைத்துக் கால்பந்து ஆடுவது. இரண்டு பெட்டிகளிலும் ஆன்லைன் சந்தா இல்லாமலே ஓடும். பையன்கள் மோதிக்கொண்ட அன்று ராத்திரி எங்கள் வீட்டில் அதைத்தான் இறக்கினோம். கூடத்து டிவியில் பெரியவன், படுக்கையறை டிவியில் சின்னவன், இருவரும் ஒரே அணி. முதல் ஆட்டத்துக்கு முன் அமைப்புகளில் போய் கிராஸ்பிளே ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. கண்டுபிடித்துச் சொன்னவன் சின்னவன்.